மூன்று காலண்டர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைக்காகச் செய்துகொண்ட நான்கு ஆண்டுச் சிகிச்சையை ஜவுளிக்கடைப் பை ஒன்றில் சுமந்துகொண்டு என்னிடம் வந்தார் அந்தப் பெண். ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், கருக்குழாய் டெஸ்ட் எக்ஸ்ரே, மதுரைக்குப் போய்வந்த பஸ் டிக்கெட்டுகள்கூட அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவே செய்தித்தாளில் மடித்த சிறு பொட்டலம் ஒன்று. வேண்டுதலுக்காக எடுத்துவந்த ஓரியூர் அருளானந்தர் கோயில் செம்மண். நான் கையில் எடுத்ததும் உடன் வந்த மாமியார் வாங்கி, "அது பாட்டுக்கு இருக்கட்டும் டாக்டரம்மா" என்று காகிதங்களுக்கு இடையிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

செவிலியர் பதிவேட்டில் பெயர், வயது, ஊர் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள், "பிள்ளைகள் என்று இருக்கிற இடத்தில் சைபர் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் அந்தப் பெண். பார்வை மேசை விளிம்பில் இருந்தது.

அடையாளம் தெரியாமலிருக்க வயது, குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். இதே சிக்கலோடு வந்த வேறு சிலரின் விவரங்களும் இதில் கலந்திருக்கின்றன. எழுதுவதற்குச் சம்மதம் பெற்றிருக்கிறேன். பெயர் எதுவும் சூட்டவில்லை.

பின்னணி

வயது 31. திருமணமாகி எட்டு ஆண்டுகள். பாம்பன் தீவின் கடலோரக் குடியிருப்பு ஒன்றில் கணவரோடும் மாமியாரோடும் வசிக்கிறார். கணவருக்கு 36, விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இவர் வயதுக்கு வருமுன்பே தாயோடு கடற்பாசி எடுக்கக் கடலில் இறங்கியவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பாறைகளைப் பற்றி வளர்கின்றன. 1986இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு தீவில் கால் வைக்க அனுமதி இல்லை. ஆனாலும் பாசித் தொழில் பெண்களின் கையில் இன்னமும் இருக்கிறது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பறிக்க வேண்டும். ஒரு முழுக்குக்கு நாற்பது, ஐம்பது நொடி தனக்குத் தாங்கும் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அமாவாசையை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுக்கப் போவார்கள். நீர் வற்றி நிற்கும் அந்த நாள்களை விட்டால் வருமானம் கிடையாது.

கடலில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. கரையில் நிலைமை வேறு. ஒரு நாள் பாசிக்குப் புறப்பட்ட படகில் முதல் ஆளாக ஏறக் காலைத் தூக்கியவரை, உடன் தொழில் செய்கிற பெண் ஒருவரே கையைப் பிடித்து நிறுத்தி, "நீ பிறகு ஏறிக்கொள்" என்றிருக்கிறார். கோபம் இல்லாமல், சாதாரணமாக. அன்றிலிருந்து கடைசி ஆளாகத்தான் ஏறுகிறார். யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. "எதற்கு அவர்களுக்குச் சங்கடம்" என்றார்.

வளைகாப்புக்கு அழைத்தால் ஒரு துன்பம், அழைக்காவிட்டால் ஒரு துன்பம். அழைத்த இடத்தில், இவளுக்கும் சீக்கிரம் நடக்கட்டும் என்று கையைப் பிடித்து இழுத்து இரண்டு வளையல் போட்டுவிடுவார்கள். அவர்கள் நல்ல மனதோடு செய்வதுதான். வீட்டுக்கு வந்து அந்த வளையல்களைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்ததாகச் சொன்னார்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட கதைகளில் மாமியார் என்றாலே வாசகர்களுக்கு ஒரு முகம் தோன்றிவிடும். இந்த அம்மா அப்படியில்லை. திருப்புல்லாணியில் நாகப் பிரதிஷ்டை செய்வித்து மருமகளுக்குப் பாயசம் வாங்கிக் கொடுத்தவர், ஓரியூர் மண்ணையும் கொண்டுவந்தார், ஏர்வாடி தர்காவுக்கும் அழைத்துப் போனார். இந்தக் கரையில் வேண்டுதலுக்கு மதம் பார்ப்பதில்லை. மூன்றாவது முறை விந்துவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சைக்குப் பணம் போதாதபோது, காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்தவரும் அவர்தான். "புழு பூச்சி ஏதாவது உண்டா?" என்று ஊர் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்ததும் அவருக்குத்தான்.

கோப்பு சொன்னது

மாதவிலக்கு 28 முதல் 30 நாளுக்கு ஒருமுறை, ஒழுங்காக. தைராய்டு, புரோலாக்டின் அளவுகள் சரி. நீர்க்கட்டி இல்லை. கருப்பைக் காசநோய்க்கான பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. நம் நாட்டில் அதை விட்டுவிடக் கூடாது, செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். கருக்குழாய்கள் இரண்டும் திறந்திருந்தன. கணவரின் விந்துப் பரிசோதனை இருமுறை நடந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கீழ்வரம்புகளை, அதாவது மில்லிலிட்டருக்கு 1.6 கோடி உயிரணுக்கள், அசைவு 42 சதவீதம் என்பவற்றை, இரண்டு முறையும் தாண்டியிருந்தார்.

முட்டை வளர்வதற்கான மாத்திரையோடு ஒன்பது சுழற்சிகள். ஒவ்வொன்றிலும் ஒன்பதாம், பத்தாம் நாளிலிருந்து ஸ்கேன். முட்டைப்பை 18 மில்லிமீட்டரைத் தொட்டதும் முட்டை வெடிக்கும் ஊசி. பிறகு ஒரு துண்டுச் சீட்டு. அதில் சிவப்பு மையில் மூன்று தேதிகள், கீழே ‘சேர்ந்திருக்கவும்’ என்று ஒற்றைச் சொல். ஒன்பது சீட்டுகளும் பத்திரமாக இருந்தன. அதன் பிறகு மூன்று முறை விந்துவைக் கருப்பைக்குள் செலுத்தியிருக்கிறார்கள். அதில் ஒரு சுழற்சிக்குப் பத்தில் ஒருவருக்குப் பலித்தாலே நல்ல கணக்கு. இவருக்குப் பலிக்கவில்லை. கடைசித் தாளில் தீர்ப்பு: ‘காரணம் அறியப்படாத குழந்தையின்மை.’

முதல் சந்திப்பில் நான் செய்தது பெருமைப்படும்படியானதல்ல. கோப்பைப் புரட்டினேன், விட்டுப்போன ஒரு ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தேன், எடையைச் சற்றுக் கூட்டச் சொன்னேன். இரண்டாவது முறையும் தாளைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை மாமியார் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். உட்கார்ந்திருந்த பெண் நாற்காலி நுனியில், எழுந்து ஓடத் தயாராக இருப்பதுபோல் இருந்தார். அடுத்த அறையில் ஸ்கேன் பார்க்கலாமா என்று கேட்டதும், வாய் "சரி" என்றது. தோள் இரண்டும் காதருகே ஏறின. மூச்சு நின்றுவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"வலிக்குமா?"

"ஸ்கேனா?"

"எல்லாமும்."

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மூச்சைப் பிடித்துக்கொண்டால் தாங்கிவிடலாம் டாக்டரம்மா. தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி" என்றார்.

கோப்பு சொல்லாதது

குழந்தையின்மை என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கணம் எளிது. தடுப்பு முறை எதுவும் இல்லாமல், தொடர்ந்து உடலுறவு கொண்டும், 12 மாதங்களில் கருத்தரிக்காத நிலை. உலகில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது நேர்கிறது என்று 2023இல் அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்த இலக்கணத்தில் 12 மாதத்தைக் கணக்கு வைக்கிறோம், தடுப்பு முறையை விசாரிக்கிறோம். நடுவில் இருக்கும் ‘தொடர்ந்து உடலுறவு’ என்பதை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். கல்யாணமானவர்கள், அதெல்லாம் நடக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். கேட்பதற்கு நமக்கும் கூச்சம். டாக்டர்களின் கூச்சத்துக்கு ‘நேரமில்லை’ என்று இன்னொரு பெயர் உண்டு.

சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி, மாதம் மாதமாகக் கேட்டேன். முதல் இரண்டு சுழற்சிகளில் சொன்ன தேதிகளில் நடந்திருக்கிறது. மூன்றாவதில் கணவர் கடலில் இருந்தார். நான்காவதில் வலி தாங்காமல் பாதியில் நின்றுவிட்டது. ஐந்தாவதில் கணவரால் முடியவில்லை. ஆறாவதில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, மறுநாள் மாமியார் கேட்டபோது "ஆயிற்று" என்று தலையாட்டியிருக்கிறார்கள். ஸ்கேன் மையத்திலும் அதே தலையாட்டல். கடைசி ஒன்றரை ஆண்டில் முழுமையாக நடந்தது மொத்தம் ஐந்து முறையோ ஆறு முறையோ. ஒன்பது ஊசியில் ஆறு ஏழு வீணாகப் போயிருக்கின்றன. ‘காரணம் அறியப்படாத’ என்று எழுதியவர் பொய் எழுதவில்லை. காரணம் கோப்புக்குள் வரவே இல்லை.

"முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தோம்" என்றவர் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, வெட்கமா, இரண்டுமா தெரியவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஆசை ஒருகாலத்தில் இருந்தது, அது எங்கேயோ வைத்த இடம் மறந்துபோனது. சிகிச்சையில் இது முக்கியமான செய்தி. தொடக்கத்திலிருந்தே வலி இருப்பவர்களுக்கும், நடுவில் வந்தவர்களுக்கும் அணுகுமுறை வேறு.

அந்த ஆசை தனக்கு இனி ஆகாது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "பிள்ளை இல்லாதவளுக்கு அது ஒன்றுதான் கேடு" என்றார். பிள்ளைக்காகச் சேர்ந்தால் கடமை. பிள்ளை வராது என்று தெரிந்த நாளில் சேர்ந்தால் அது ஏதோ திருட்டுத்தனம்போல. விலக்கு தொடங்கியதிலிருந்து பத்தாம் நாளுக்கு முன்னும் பதினெட்டாம் நாளுக்குப் பின்னும் கணவர் அருகில் வந்தால், "எதற்கு வீணாக?" என்று விலகிவிடுவாராம். உடம்பு முழுவதையும் அந்த ஒற்றை வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வேலையும் நடக்காதபோது, மிஞ்சிய உடம்பைப் பார்க்கவே பிடிக்காமல் போகிறது. பூ வைப்பதை நிறுத்தியிருந்தார். வீட்டுக் கண்ணாடியில் நெற்றியை மட்டும் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மதிப்பீடு

பரிசோதனையை அன்றைக்குச் செய்யவில்லை. அடுத்த வாரம், செவிலியர் உடனிருக்க, "நிறுத்துங்கள் என்றால் உடனே நிறுத்துவேன்" என்று சொல்லிவிட்டு ஒற்றை விரலால் மட்டும் பார்த்தேன். இரண்டு முறை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. புண், தொற்று எதுவும் இல்லை. வாயில் பகுதியைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் கயிறுபோல முறுக்கியிருந்தன. மாதவிலக்கில் கடும் வலி இல்லை, ஆழத்தில் தொட்டால் வலி இல்லை. எனவே கருப்பை உட்சவ்வு வெளியே படரும் நோயை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன்.

கோப்பில் இருந்த உள்வழி ஸ்கேன்களை எண்ணினேன். முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஒரு கருவி உள்ளே போனது. ஒவ்வொன்றிலும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சிறு வயதிலிருந்து பழகிய வித்தை அது. மூச்சைப் பிடிக்கும்போது வயிறும் இடுப்புத்தளமும் சேர்ந்து இறுகும். பாறைக்கடியில் உயிரைக் காப்பாற்றிய பழக்கம், பரிசோதனைக் கட்டிலிலும், பிறகு படுக்கையிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. எது உள்ளே வந்தாலும் வலிதான் என்று உடம்பு மனப்பாடம் செய்துவிட்டது. சிகிச்சையே கற்றுக் கொடுத்த பாடம் அது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

பெண்களின் பாலியல் செயல்பாட்டை அளக்க, 2000ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கும் 19 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஆசை, கிளர்ச்சி, ஈரம், உச்சம், நிறைவு, வலி என்று ஆறு பிரிவுகள், முழு மதிப்பெண் 36, 26.55க்குக் கீழே போனால் சிக்கல் இருக்கலாம் என்று கொள்வார்கள். வாசிக்கச் சிரமப்படுகிறவர் என்பதால் கேள்விகளை நானே தமிழில் வாய்மொழியாகக் கேட்டேன். அதனால் எண்ணைக் கறாராக எடுத்துக்கொள்ளக் கூடாது. வந்தது 13 சொச்சம். எண்ணைவிட, நிறைவு பற்றிய கேள்விக்கு அவர் திருப்பிக் கேட்டதுதான் என் குறிப்பேட்டில் இருக்கிறது: "அவருக்கா, எனக்கா?"

மனச்சோர்வையும் விசாரித்தேன். குழந்தையின்மைச் சிகிச்சையில் இருக்கும் பெண்களின் பதற்றமும் சோர்வும் புற்றுநோயாளிகளுடையதற்கு நிகராக இருப்பதை 1993இலேயே ஆலிஸ் டோமர் குழுவினர் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். அதனால் தற்கொலை எண்ணத்தை நேராகக் கேட்பது என் வழக்கம். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். இவர் சொன்ன பதில்: "தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மூச்சைப் பிடித்துவிட்டால் என்ன என்று இரண்டு முறை தோன்றியது." அன்றே அவரோடு பாசிக்குப் போகும் மதினியை, இவர் சம்மதத்தோடு, வரவழைத்துப் பேசினேன். தனியாக மூழ்குவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ராமநாதபுரத்தில் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். மாத்திரை ஆறு மாதம் தொடர்ந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கணவர்

அவரை வரவழைப்பது எளிதாக இல்லை. விசைப்படகுகளுக்கு வாரம் மூன்று நாள் கடல்; டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் காலையில்தான் கரை. எதிர்க்கரைக் கடற்படையிடம் மாட்டினால் மாதக்கணக்காகவும் ஆகலாம். 2024 ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள். தடை தொடங்கிய மறுவாரம் வந்தார்.

மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாகப் பேசினேன். முதல் கால் மணி நேரம் படகு, டீசல் விலை, வலை. பிறகு தானாகவே சொன்னார்: சிவப்பு மைத் தேதி வருகிற வாரங்களில், தன் படகு போகாத நாளிலும் வேறு படகில் ஆள் குறைகிறதா என்று கேட்டுப் போயிருக்கிறார். "கடலுக்குப் போய்விட்டால் அந்தத் தேதி தப்பிவிடும் டாக்டரம்மா."

மதுரையில் விந்து கொடுக்க ஒரு குளியலறைக்குள் அனுப்பி, வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்ததையும், ஒன்றே முக்கால் மணி நேரம் உள்ளே நின்றதையும் சொல்லும்போது, அந்த மனிதர் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். ரயில் நின்றுபோயிருந்த காலம் அது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பிறகு தீவிலிருந்து எங்கே போனாலும் பஸ்தான். திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தன்னைக் கையாலாகாதவன் என்று அவள் நினைக்கிறாள் என்று இவர் எண்ணிக்கொண்டார். தன்னைக் கண்டாலே அவருக்கு ஆசை வருவதில்லை, அந்த அளவுக்குத் தன் உடம்பு ஒன்றுமில்லாததாகிவிட்டது என்று மனைவி எண்ணிக்கொண்டார். நான்கு வருடமாக ஒரே அறையில் இரண்டு தவறான கணக்குகள்.

சிகிச்சை

முதலில் செய்தது சிகிச்சையை நிறுத்தியது. மூன்று மாதத்துக்கு ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை, சீட்டு இல்லை. 31 வயதில், முட்டை இருப்பும் குழாய்களும் நன்றாக இருக்கும்போது, மூன்று மாத இடைவெளியால் பெரிய நட்டம் வராது. 38 வயதாக இருந்திருந்தால் இப்படித் துணிந்திருக்க மாட்டேன்.

பிறகு மேசையில் மூன்று காலண்டர்களை வரைந்தேன்: அவருடைய சுழற்சி, கணவரின் கடல் நாள்கள், பாசிக்கான அமாவாசை பௌர்ணமி நாள்கள். 1995இல் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, கரு தரித்த உறவெல்லாம் முட்டை வெளியேறும் நாளோடு முடியும் ஆறு நாளுக்குள் அடங்கிவிடுகிறது. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அப்படியானால் வாரத்தில் மூன்று முறை கடலுக்குப் போகிறவருக்கும் அந்த ஆறு நாளுக்குள் இரண்டு இரவாவது வீட்டில் இருக்கும். மூன்று தேதிகளைச் சிவப்பில் குறித்து உயிரை வாங்க வேண்டிய தேவையே இல்லை. கணவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை முதலிலேயே சொல்லியிருந்தால்" என்று நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவதாக, உடலுறவுக்கே தடை போட்டேன். மூன்று வாரம். மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970 வாக்கில் பிரபலப்படுத்திய தொடுகைப் பயிற்சி முறை இது. நுழைவு கிடையாது, மார்பு, பிறப்புறுப்புகளைத் தொடுவதும் தொடக்கத்தில் கிடையாது, மாறி மாறி ஒருவர் தொட, ஒருவர் வெறுமனே உணர வேண்டும். அறைக்கு வெளியே சொல்லிக் கொடுக்கும்போது எல்லாமே ஏதோ நாடக ஒத்திகைபோலத்தான் இருக்கும். அவர்களும் சிரித்தார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டபோது, மனைவி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பாறை கீறிக் கீறி, உப்புநீரில் ஊறி, நகத்தோரம் வெடித்த விரல்கள். "இதைத் தொட்டால் அவருக்குக் குத்தும்." அதிலிருந்தே தொடங்கச் சொன்னேன். தேங்காயெண்ணெய் தேய்த்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிடுவது. முதல் வாரம் அவ்வளவுதான்.

தசைக்கு மருந்து மூச்சுதான். மூச்சை அடக்கத் தெரிந்தவருக்கு, விடச் சொல்லித் தர வேண்டியிருந்தது. படுத்துக்கொண்டு, வயிறு உப்ப மெதுவாக இழுத்து, மெழுகுவர்த்தியை அணைக்காமல் அசைக்கிற அளவுக்கு மெல்ல ஊதிவிட வேண்டும். இப்படி அடக்காமல் இழுத்து விட்டால்தான் இடுப்புத்தளம் தளரும். இதை இரண்டு வாரம் சொல்லியும் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு ஒரு நாள் தானே சொன்னார்: "மேலே வந்து தலையைத் தூக்கியதும் ஒரு மூச்சு விடுவோமே, அதுதானே?" ஆமாம், அதேதான். அதன் பிறகு என் மெழுகுவர்த்தியை மறந்துவிட்டு, "தண்ணீருக்கு மேலே வாருங்கள்" என்றே சொல்லத் தொடங்கினேன். அவருடைய விரல் ஒன்று, பிறகு தசையைத் தளர்த்திப் பழக்கும் சிறிய விரிப்பான் என்ற கருவி, பிறகு அடுத்த அளவு என்று ஏழு வாரம் ஆனது. ஒருமுறையும் அவசரப்படுத்தவில்லை என்று சொல்ல ஆசைதான். ஐந்தாவது வாரத்தில் அவசரப்படுத்தினேன், இரண்டு வாரம் பின்னால் போனது.

இதில் புத்தகங்கள் சொல்லாத தடை ஒன்று இருந்தது: இடம். வீடு ஒரே அறை. நடுவில் சேலைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மாமியாரின் கட்டில். பெரிய ஊர் மருத்துவர்கள் எழுதும் ஆலோசனைகளில் ‘படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள்’ என்று வரும். இங்கே கதவு தெருவுக்குத்தான். இதை எப்படிச் சொல்வது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது, மாமியார் தாமாகவே தொண்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். கூரை மாற்றுகிறார்கள், கூடமாட உதவிக்கு ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னார். தடைக்காலத்தில் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். மகள் வீடு தளம் போட்ட வீடு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விளைவு

பதினான்காவது வாரத்தில், வலியில்லாமல் என்று சொல்ல முடியாது, வலிக்குப் பயப்படாமல் உறவு கொள்ள முடிந்தது. அதே 19 கேள்விகளை மறுபடி கேட்டேன். 24ஐத் தொட்டது. வரம்பு 26.55 என்று பார்த்தால் இன்னும் தேறவில்லை. ஆசைப் பிரிவு நன்றாக ஏறியிருந்தது, வலிப் பிரிவு பாதி வழியில். கணவரின் சிக்கலுக்கு மாத்திரை எழுத வேண்டி வரவில்லை. தேதி போனதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. பெரும்பாலும் என்றுதான் எழுத முடிகிறது. கடலில் ஒரு மோசமான வாரம் போனால் அது திரும்ப வரும். இப்போது இருவரும் அதைப் பேசிக்கொள்கிறார்கள்.

கரு தரிக்கவில்லை. இதை எழுதும்போது சிலர் ஏமாறக்கூடும். இப்படி ஒரு கதையின் கடைசிப் பத்தியில் குழந்தை வந்துவிட வேண்டும் என்று நமக்கு ஒரு பழக்கம். மனது லேசானால் கரு தங்கிவிடும் என்று பெண்களிடம் சொல்லும் ஆறுதலை நான் வெறுக்கிறேன். தங்காவிட்டால் அதற்கும் அவள் மனதுதான் காரணம் என்று ஆகிவிடும். வலிக்கு வைத்தியம் செய்தோம், வலி குறைந்தது. குழந்தைக்கு வாய்ப்பு இன்னும் திறந்தே இருக்கிறது, அதற்கு உத்தரவாதம் இல்லை. சோதனைக்குழாய் முறைக்குப் போகலாமா என்று பேசினோம். செலவைக் கேட்டுவிட்டு, இப்போது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். தத்தெடுப்பைப் பற்றியும் கேட்டார்கள். பதிவு, காத்திருப்பு, வீட்டு விசாரணை பற்றிச் சொன்னேன். கணவருக்கு விருப்பம் இருக்கிறது. மாமியாருக்கு இல்லை. அது அந்த வீட்டில் முடிவாக வேண்டிய விஷயம்.

ஊர் மாறவில்லை. மதினியின் மகளுக்கு வளைகாப்பு வந்தது. இவர் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். முன்னேற்றம் குறைகிறதோ என்ற கவலை எனக்கு. "அன்றைக்குப் போகப் பிடிக்கவில்லை. மறுநாள் போய் அவளைப் பார்த்துவிட்டு, நானே வளையல் போட்டுவிட்டு வந்தேன்" என்றார். படகில் இன்னமும் கடைசியாகத்தான் ஏறுகிறார். ஆனால் ஒன்று: மூழ்கும் இடத்தை யார் தேர்ந்தெடுப்பது என்று வந்தால், எல்லோரும் அவரைத்தான் பார்க்கிறார்களாம். முன்பும் அப்படித்தானா என்று கேட்டேன். சற்று யோசித்து, "முன்பும் அப்படித்தான். நான் கவனிக்கவில்லை" என்றார்.

கோப்பில் நான் சேர்த்த தாளில், மாதவிலக்கு, விந்துப் பரிசோதனை, குழாய் என்ற வழக்கமான தலைப்புகளுக்கு மேலே மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் எத்தனை முறை சேர்ந்தீர்கள்? வலி உண்டா? வேண்டும் என்று தோன்றியதா? கேட்க இரண்டு நிமிடம் ஆகிறது. இப்போது குழந்தையின்மைக்காக வருகிற எல்லோரிடமும், தனித்தனியாக, கேட்கிறேன். பதில்களைக் கேட்டு நானே நாற்காலி நுனிக்கு வந்த நாள்கள் உண்டு.

கடைசியாக 2025 மார்ச்சில் வந்தார். தனியாக வந்திருந்தார், கையில் அந்த ஜவுளிக்கடைப் பை இல்லை. பேசி முடித்து, அடுத்த சந்திப்புக்கு ஒரு தேதியை எழுதிச் சீட்டை நீட்டினேன். வாங்காமல் என் பின்னால் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார். எழுந்து வந்து தாள்களைத் தூக்கிப் பார்த்தார்.

"அது அமாவாசைக்கு மறுநாள் டாக்டரம்மா. கடலுக்குப் போக வேண்டும். வேறு தேதி போடுங்கள்."

நான் எழுதியதை அடித்துவிட்டு, அவர் விரல் வைத்த தேதியை எழுதிக்கொடுத்தேன்.